134, 137, 40: ஒரு சூரை மீனின் ஆய்வறிக்கை

கேள்வி: திருகோணமலையில் வாடி வைத்து மீன் மொத்த வியாபாரம் செய்பவன் நான். வெளிநாட்டுக் கொள்வனவாளர் ஒருவர் கேட்டுக்கொண்டபடியால், சூரை மீனின் மாதிரி ஒன்றைக் கதிர்த்தொழிற்பாட்டுப் பரிசோதனைக்கு அனுப்பினேன். வந்த அறிக்கையில் ‘சீசியம் 134: < 0.6’, ‘சீசியம் 137: < 0.5’, ‘பொற்றாசியம் 40: 118 ± 7’ என்று மூன்று வரிகள் உள்ளன. அலகு, கிலோகிராமுக்குப் பெக்கரல். மூன்றாவது எண்ணைக் கண்டதிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. சீசியத்துக்கு ஏன் இரண்டு எண்கள்? உயர்தரம் படிக்கும் என் மகள், சீசியம் கடிகாரத்திலும் இருக்கின்றது, பயப்பட வேண்டாம் என்கிறாள். என் மைத்துனரோ, இரவல் வாங்கிய சிறிய கருவி ஒன்றைப் புல்மோட்டைக் கடற்கரைக்குக் கொண்டுபோய், முள் ஏறுவதைப் பார்த்துவிட்டு, ஜப்பானின் சீசியம் இங்கே வந்து சேர்ந்துவிட்டது என்கிறார். மீனைக் கழுவி அவித்தால் சீசியம் போய்விடுமா? 30 ஆண்டில் பாதி அழியும் என்றால், 60 ஆண்டில் முழுவதும் அழிந்துவிடும்தானே? கொள்வனவாளருக்கு நான் என்ன எழுதுவது?

பதில்: மதிப்புக்குரிய ஐயா,

தங்கள் நித்திரையைக் கெடுத்த எண்ணையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். 118 என்பது சீசியத்தின் அளவே அன்று. மீனின் தசையில் இயற்கையாக இருக்கும் பொற்றாசியத்தின் கணக்கு அது. உலகிலுள்ள பொற்றாசியம் எதுவானாலும், அது வயலுக்கு இடும் உரத்தில் இருந்தாலும் இளநீரில் இருந்தாலும், அதன் 10,000 அணுக்களில் ஏறத்தாழ ஒன்று கதிர்வீசும் பொற்றாசியம் 40 ஆக இருக்கும். இதனால் ஒரு கிராம் பொற்றாசியத்தில் ஒவ்வொரு செக்கனும் 31 அணுக்கள் அளவில் சிதைகின்றன. செக்கனுக்கு ஒரு சிதைவு என்பதுதான் ஒரு பெக்கரல். 118 ஐ 31 ஆல் வகுத்துப் பாருங்கள், 3.8 வரும். ஒரு கிலோகிராம் பச்சைச் சூரையில் 4 கிராம் அளவு பொற்றாசியம் இருப்பது வழக்கமே. அரை லீற்றர் இளநீரில் ஏறத்தாழ 40 பெக்கரலும், வளர்ந்த மனிதர் ஒருவரின் உடலில் ஏறத்தாழ 4,000 பெக்கரலும் இதே பொற்றாசியம் 40 இனால் உள்ளன. வாடியில் மீனை நிறுக்கின்றவரின் உடலில் இருப்பது, அவர் தராசில் வைக்கும் மீனில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். உணவில் பொற்றாசியம் கூடினால் சிறுநீரகம் மிகுதியை வெளியேற்றிவிடுவதால், அதிக மீன் உண்பவரின் உடலில் அது சேர்ந்துகொண்டே போவதும் இல்லை.

உண்மையைச் சொன்னால், அந்த வரி அறிக்கையில் இல்லாதிருந்தால்தான் நான் ஐயப்பட்டிருப்பேன். கருவி விழித்திருந்து ஒழுங்காக எண்ணியிருக்கின்றது என்பதற்கு அதுவே சாட்சி.

இனி ‘<’ என்ற குறி. மீனில் 0.5 பெக்கரல் சீசியம் 137 இருக்கின்றது என்று அது சொல்லவில்லை. இருந்தால் அதைவிடக் குறைவாகவே இருக்கும், அதற்குக் கீழே அந்த ஆய்வுகூடத்தின் கருவியால் நிச்சயமாகச் சொல்ல முடியாது என்பதே அதன் பொருள். இந்த எல்லை கருவிக்கு மட்டும் உரியதன்று. எவ்வளவு மீனை வைத்தார்கள், எத்தனை மணித்தியாலம் எண்ணினார்கள் என்பனவற்றையும் அது பொறுத்தது. எண்ணும் நேரத்தை நான்கு மடங்காக்கினால் எல்லை ஏறத்தாழப் பாதியாகக் குறையும். ஆகவே வேறொரு ஆய்வுகூடம் ‘< 5’ என்று எழுதித் தந்தால், தங்கள் மீன் பத்து மடங்கு மோசமாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். அவர்கள் குறைந்த நேரம் எண்ணியிருப்பார்கள், அல்லது சிறிய மாதிரியை வைத்திருப்பார்கள்.

அடுத்தது, ஒரே பெயருக்கு ஏன் இரண்டு எண்கள் என்ற கேள்வி. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கருவில் 55 புரோத்தன்கள் இருந்தால் அந்த அணு சீசியம்; அதில் மாற்றமில்லை. புரோத்தன்களோடு சேர்ந்திருக்கும் நியூத்திரன்களின் எண்ணிக்கை மாறலாம். 78 நியூத்திரன்கள் இருந்தால் சீசியம் 133, 79 இருந்தால் 134, 82 இருந்தால் 137. இவ்வாறு ஒரே மூலகத்தின் வெவ்வேறு எடையுள்ள அணுக்களையே நமது பாடநூல்கள் சமதானிகள் என்கின்றன. தமிழ்நாட்டு நூல்கள் ஓரிடத்தான்கள் என்கின்றன. இரண்டு சொற்களும் சுட்டுவது, ஆவர்த்தன அட்டவணையில் இவை எல்லாம் ஒரே கட்டத்தில் அமர்ந்திருக்கின்றன என்பதையே. இரசாயன நடத்தையில் இவற்றைப் பிரித்தறிய இயலாது என்று சொல்லலாம்: எல்லாம் உப்பாகி நீரில் கரையும், பொற்றாசியத்தின் இரசாயன உறவினர் என்பதால் உடலுக்குள் போனால் எல்லாம் தசையை நாடும். கருவின் நடத்தையிலோ ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. அறியப்பட்ட சீசியச் சமதானிகள் 40 அளவில் உள்ளன. அவற்றுள் சிதையாமல் நிலைத்திருப்பது 133 ஒன்றுதான். எனவே ‘சீசியம் இருக்கிறது’ என்று யாராவது சொன்னால், எண் என்ன, அளவு என்ன என்று கேட்காமல் பதில் சொல்ல வேண்டாம்.

தங்கள் மகள் சொல்வது 133 ஐப் பற்றியது. அவர் சொல்வது சரி. பூமியில் இயற்கையாகக் கிடைக்கும் சீசியம் முழுவதும் இதுவே. 1860 இல் ஜேர்மனியின் டூர்க்கைம் என்ற ஊரின் ஊற்று நீரை ஆராய்ந்த விஞ்ஞானிகளான புன்சனும் கிர்க்கோவும், சுவாலையின் நிறமாலையில் அதுவரை எவரும் காணாத இரண்டு நீலக் கோடுகளைக் கண்டு, வான நீலத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் அதற்குப் பெயரிட்டனர். சில கிராம் சீசியம் உப்பைப் பிரித்தெடுப்பதற்குப் புன்சன் ஏறத்தாழ 44,000 லீற்றர் நீரை வற்றவைக்க வேண்டியிருந்தது. கன்னியா வெந்நீர்க் கிணறுகளின் கட்டில் இருந்து வாளியால் அள்ளி ஊற்றும்போதெல்லாம் எனக்கு அந்தக் கணக்கு ஞாபகம் வரும். தூய சீசியம் பொன்னிறமான மென்மையான உலோகம்; 28.5 பாகை செல்சியசில் உருகிவிடும் என்பதால், திருகோணமலையின் பகல் வெயிலில் கண்ணாடிக் குழாய்க்குள் அது திரவமாகத்தான் இருக்கும். குழாய் உடைந்து நீரில் பட்டால் வெடிக்கும். அது இரசாயன ஆபத்து, கதிரியக்கத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. கடிகாரத்தின் கதை என்னவென்றால், சீசியம் 133 அணு தன் இரு மிக நெருங்கிய சக்தி நிலைகளுக்கிடையே மாறும்போது வெளிவிடும் நுண்ணலை செக்கனுக்கு 9,192,631,770 தடவை அதிர்கின்றது. 1967 இல் இருந்து ஒரு செக்கன் என்பதன் வரைவிலக்கணமே இந்த எண்தான். இதில் கரு சிதைவதில்லை, கதிரியக்கமும் இல்லை. அணுக் கடிகாரம் என்ற பெயரில் உள்ள அணு என்ற சொல்லைக் கண்டு பலர் மிரளுகின்றார்கள். மகளிடம் கேளுங்கள், விளக்குவார்.

137 வேறு குணமுடையது. யுரேனியம் பிளவுபடும் இடமெல்லாம், அது அணுகுண்டாயினும் அணு உலையாயினும், 100 பிளவுகளுக்கு ஏறத்தாழ 6 என்ற வீதத்தில் இது பிறக்கின்றது. 1941 இல் கலிபோர்னியாவின் பேர்க்கிலியில் பட்டப்படிப்பு மாணவியாக இருந்த மார்கரெட் மெல்காஸ், பேராசிரியர் கிளென் சீபோர்க்கின் வழிகாட்டலில் இதை இனங்கண்டார். போர்க்கால இரகசியம் காரணமாக அப்போது அது வெளியாகவில்லை. இதன் அரை ஆயுள் 30 ஆண்டு. சிதையும்போது பீற்றாத் துகளை, அதாவது கருவிலிருந்து பாயும் இலத்திரனை, வீசிப் பேரியம் 137 ஆகின்றது. 100 இல் 95 தடவை அந்தப் பேரியக் கரு கிளர்ந்த நிலையிலேயே பிறந்து, பெரும்பாலும் 662 கிலோ இலத்திரன்வோல்ற்று சக்தியுள்ள காமாக் கதிரை வீசி அமைதியடைகின்றது. ஆகவே எல்லோரும் சீசியத்தின் காமா என்று சொல்வது உண்மையில் பேரியத்தின் காமாவே. ஆய்வுகூடத்தில் இதைக் கண்ணால் காணலாம். சீசியம் ஒட்டியிருக்கும் சிறு குழாய் ஒன்றினூடாகப் பொருத்தமான கரைசலைச் செலுத்தினால், பேரியம் மட்டும் துளித்துளியாக வெளியே வரும். அந்தத் துளிகளைக் கருவியின் முன் வைத்தால் எண்ணிக்கை முதலில் விரைந்து ஓடி, இரண்டரை நிமிடத்துக்கு ஒரு தடவை பாதியாகி, ஒரு தேநீர் குடித்து முடிப்பதற்குள் ஏறத்தாழ அடங்கிவிடும். குழாய்க்குள்ளேயோ புதிய பேரியம் சேர்ந்து, அது பழைய நிலைக்கு வந்திருக்கும்.

அறிக்கையில் 134 எதற்கு என்பதற்கு விடை அதன் பிறப்பில் இருக்கின்றது. பிளவில் தோன்றும் துண்டுகள் ஒவ்வொரு படியாகப் பீற்றா வீசி அடுத்தடுத்த மூலகங்களாக மாறிச் செல்லும். 137 என்ற எடையுள்ள துண்டுகள் அயடீன், செனன் வழியாகச் சீசியத்தை அடைகின்றன. 134 என்ற எடையுள்ளவையோ செனனில் வந்து நின்றுவிடுகின்றன, ஏனெனில் செனன் 134 நிலையானது. எனவே அந்தப் பாதையால் சீசியம் 134 உண்டாவதில்லை. அது உண்டாக ஒரே வழி, உலைக்குள் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் சாதுவான சீசியம் 133 ஒரு நியூத்திரனை விழுங்குவது. அதற்கு மாதங்களும் ஆண்டுகளும் வேண்டும். நொடிப்பொழுதில் வெடித்து முடியும் குண்டில் அந்த அவகாசம் கிடையாது. இதனால் 134 தென்பட்டால் அது அணு உலையின் கைரேகை என்றே நாங்கள் கொள்வோம். இதன் அரை ஆயுள் 2 ஆண்டும் சில வாரங்களும்தான் என்பதால், கைரேகையோடு திகதியும் கிடைத்துவிடுகின்றது. செர்னோபில் அணு உலை விபத்தில் 1986 இல் வெளியேறிய சீசியத்தில் 134 ஆனது 137 இன் பாதி அளவுக்கு இருந்தது. ஜப்பானின் புக்குசிமா உலை விபத்தில் 2011 மார்ச்சில் இரண்டும் ஏறத்தாழச் சமமாக இருந்தன. பத்து ஆண்டுகள் கழிந்தபோது, புக்குசிமாவின் 134 இல் 29 இல் ஒரு பங்கே எஞ்சியிருந்தது. 137 இலோ 100 இல் 79 பங்கு அப்படியே இருந்தது. ஆகவே இரண்டும் சம அளவில் உள்ள ஒரு மீனை இன்று எவராவது காட்டினால், அந்தச் சீசியம் 2011 ஐச் சேர்ந்ததாக இருக்க இயலாது. புதிய கசிவு ஒன்று நடந்திருக்க வேண்டும். அல்லது கணக்கில் பிழை இருக்க வேண்டும். என் அனுபவத்தில் இரண்டாவதே பெரும்பாலும் உண்மை.

தங்கள் கொள்வனவாளர் இப்போது திடீரென்று சான்று கேட்பதற்குக் காரணம் பெரும்பாலும் புக்குசிமாவாக இராது. 2025 ஓகஸ்டில் இந்தோனேசியாவில் இருந்து அமெரிக்காவுக்குப் போன உறைய வைத்த இறால் சரக்கில் சீசியம் 137 கண்டுபிடிக்கப்பட்டது. ஒரு மாதிரியில் கிலோகிராமுக்கு 68 பெக்கரல். அமெரிக்காவில் நடவடிக்கைக்கு வகுத்த மட்டம் 1,200 ஆதலால் உண்பவருக்கு உடனடி ஆபத்து என்று எவரும் சொல்லவில்லை. இருக்கக்கூடாத பொருள் எப்படி வந்தது என்பதே கேள்வியாயிற்று. தேடிப் பார்த்ததில், பழைய உலோகத்தை உருக்கும் ஆலை ஒன்றின் சுற்றுவட்டாரத்தில் மாசு இருப்பது தெரியவந்தது. அங்கே பேசப்பட்டது 137 மட்டுமே என்பதைக் கவனியுங்கள். தொழிற்சாலைகளில் தொட்டிகளின் மட்டத்தையும் பொருள்களின் அடர்த்தியையும் அளப்பதற்கு, உலோக உறைக்குள் அடைத்த சீசியம் 137 பயன்படுகின்றது. உறையோடு அது பழைய இரும்புக்குள் போய்ச் சேர்ந்தால் இப்படித்தான் முடியும். கடல் அங்கே குற்றவாளியன்று.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் திருகோணமலையில் பழைய இரும்பு வாங்கி விற்பவர்கள் பலர் உள்ளனர். 1987 செப்டெம்பரில் பிரேசிலின் கொயானியா நகரில், கைவிடப்பட்ட மருத்துவ நிலையம் ஒன்றிலிருந்து எடுத்துச் சென்ற புற்றுநோய்ச் சிகிச்சைக் கருவியின் தலைப்பகுதியைச் சிலர் உடைத்தார்கள். உள்ளே இருந்த சீசியம் குளோரைட்டுத் தூள் இருட்டில் நீலமாக ஒளிர்ந்ததால், அதை அதிசயமென்று உறவினர்களுக்கும் அயலவர்களுக்கும் பங்கிட்டார்கள். நால்வர் இறந்தனர், 249 பேரின் உடலிலோ உடையிலோ மாசு படிந்திருந்தது. அந்தத் தூளின் மொத்த அளவு 100 கிராமுக்கும் குறைவு. ஒரு கிராம் சீசியம் 137 இல் செக்கனுக்கு 3.2 இலட்சம் கோடி சிதைவுகள் நிகழ்கின்றன என்பதை வைத்துப் பார்த்தால் அதன் உக்கிரம் விளங்கும். மூன்று இதழ்க் கதிரியக்கக் குறி பொறித்த கனமான உலோக உருளை எதுவும் கண்ணில் பட்டால், அதை நிறுக்கவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம். விலகி நின்று பொலிசுக்கும் இலங்கை அணுசக்தி ஒழுங்குபடுத்தல் பேரவைக்கும் அறிவிக்க வேண்டும்.

மற்றச் சமதானிகள் தங்கள் அறிக்கைக்கு வரமாட்டா. 135 இன் அரை ஆயுள் 10 இலட்சம் ஆண்டுக்கும் மேல். அவ்வளவு மெதுவாகச் சிதைவதாலேயே அதன் வீச்சும் மெல்லியது, காமாக் கதிரும் அதனிடம் இல்லை. அது அணுக்கழிவைப் புதைப்பவர்களின் கவலை. 10 நாளுக்குள் பாதியாகும் 131, புற்றுநோய்க் கட்டிக்குள் பதிக்கும் சிறு விதைகளாக மருத்துவத்தில் பயன்படுகின்றது. 13 நாள் அரை ஆயுளுள்ள 136 உலை விபத்தின் முதல் வாரங்களில் மட்டும் தலைகாட்டும். 138 அரை மணித்தியாலத்தில் பாதியாகிவிடும்.

60 ஆண்டுக் கணக்குக்கு வருவோம். அரை ஆயுள் என்பது கடனைத் தவணை முறையில் அடைப்பது போன்றதன்று. ஒவ்வொரு 30 ஆண்டிலும் எஞ்சியிருப்பதில்தான் பாதி போகின்றது; 60 ஆண்டில் கால்பங்கு இருக்கும், 90 இல் அரைக்கால், 300 ஆண்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 1950 களிலும் 60 களிலும் வளிமண்டலத்தில் வெடிக்கச் செய்த குண்டுகளின் சீசியம் 137 இன்றும் உலகெங்கும் மண்ணிலும் கடலிலும் அளக்கக்கூடியதாக இருப்பது இதனால்தான். உடலுக்குள் போன சீசியத்துக்கோ இன்னொரு கணக்கு உண்டு. 30 ஆண்டு அது அங்கே தங்கியிருப்பதில்லை. வளர்ந்தவர்களில் ஏறத்தாழ 3 மாதத்துக்கு ஒரு தடவை பாதி சிறுநீரோடு வெளியேறிவிடும். சிறுவர்களில் இன்னும் விரைவாக வெளியேறும். பெருமளவு உட்கொண்டவர்களுக்குப் பிரஷ்ய நீலம் என்ற சாயப்பொருளை மருந்தாகக் கொடுத்து, அதை ஏறத்தாழ ஒரு மாதமாகக் குறைக்கின்றார்கள். கொயானியாவில் அதைத்தான் கொடுத்தார்கள்.

கழுவுவதும் அவிப்பதும் கருவை ஒன்றும் செய்யாது. அடுப்பின் சூடு அணுவின் கருவை எட்டுவதே இல்லை. ஆயினும் சீசியம் உப்பாகக் கரையும் பொருள் ஆகையால், அவித்த நீரை ஊற்றிவிட்டால் மீனில் உள்ளதில் ஒரு பங்கு அந்த நீரோடு போய்விடும். குழம்பாக வைத்தால் போகாது, குழம்பிலேயே இருக்கும். தங்கள் சூரைக்கு இந்த யோசனை எதுவும் தேவையில்லை. தாங்கள் கருவாடும் விற்பவராயின் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மீன் உலரும்போது நீர் போய் எடை குறைவதால், மீனில் எதுவும் கூடாமலே கிலோகிராமுக்கான எண் கூடிவிடும். கருவாட்டில் பொற்றாசியம் 40 இற்கு 200 இற்கு மேற்பட்ட எண் வந்தாலும் திடுக்கிட வேண்டாம்.

கடல் மீனுக்கு இயற்கையே ஒரு பாதுகாப்பைத் தந்திருக்கின்றது. உவர்நீரில் வாழும் மீன் ஓயாமல் கடல் நீரைக் குடித்து, மிகுதியான உப்பை வெளியேற்றிக்கொண்டே இருக்க வேண்டும்; சீசியமும் அதோடு சேர்ந்து வெளியேறும். அதோடு, ஒவ்வொரு லீற்றர் கடல் நீரிலும் சீசியத்தோடு போட்டியிடப் பொற்றாசியம் மலிந்திருக்கின்றது. குளத்து மீனோ கிடைத்த உப்பையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும். இதனால் கடல் மீனின் தசையில் சீசியம், சுற்றியுள்ள நீரில் இருப்பதைப்போல ஏறத்தாழ 100 மடங்கு சேரும். நன்னீர் மீனில் அது ஆயிரக்கணக்கான மடங்கைத் தொடலாம். திறந்த சமுத்திரத்தின் மேற்பரப்பு நீரில் இன்று கன மீற்றருக்கு 1 முதல் 2 பெக்கரல் அளவே சீசியம் 137 உள்ளது, அதாவது லீற்றருக்கு 0.001 முதல் 0.002. 100 ஆல் பெருக்கினால் மீனில் கிலோகிராமுக்கு 0.1 முதல் 0.2 வரும். தங்கள் அறிக்கையின் ‘< 0.5’ உடன் இது முற்றிலும் பொருந்துகின்றது.

மைத்துனரின் கருவி பொய் சொல்லவில்லை; அவர் சொன்ன காரணம்தான் தவறு. புல்மோட்டைக் கரையின் கறுப்பு மணல் இல்மனைற்று, சிர்க்கோன் முதலிய கனிமங்களுக்குப் பெயர்பெற்றது. அவற்றோடு தோரியம் கொண்ட மொனசைற்றும் கலந்திருக்கின்றது. தோரியத்தின் அரை ஆயுள் 1,400 கோடி ஆண்டு. அந்த மணல் ஜப்பானில் உலை கட்டப்படுவதற்கு எத்தனையோ யுகம் முன்பிருந்தே கதிர்வீசிக்கொண்டிருக்கின்றது. முள் மட்டும் உள்ள சிறு கருவி கதிர்களை எண்ணுமே தவிர, எந்தக் கரு வீசியது என்று கேட்காது.

அவரைப் பழிக்க எனக்கு மனமில்லை, ஏனெனில் பயிற்சி பெற்றிருந்தும் நானே அங்கே சறுக்கினேன். தொழிலுக்கு வந்த முதலாண்டில், சோடியம் அயடைட்டுப் பளிங்கு பொருத்திய பழைய கருவியில் அதே கரையின் மணலை இரவு முழுவதும் எண்ணவிட்டு, காலையில், வந்த காமாக் கதிர்களைக் கிலோ இலத்திரன்வோல்ற்றில் சக்தி வாரியாகக் காட்டும் வரைபைப் பார்த்தேன். 600 அண்டையில் ஒரு மேடு. 795 அண்டையில் சிறிய மேடு. சீசியம் 134 இன் முக்கிய கோடுகள் 605 உம் 796 உம் என்று மனப்பாடம் செய்திருந்தேன். வரைபின் ஓரத்தில் பென்சிலால் அப்படியே எழுதி மேலதிகாரியிடம் கொண்டோடினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, “911 இல் என்ன இருக்கிறது என்று பார்த்தீரா? 2,615 இல்?” என்று மட்டும் கேட்டார். இரண்டிலும் கொழுத்த மேடுகள் இருந்தன. 911, தோரியத்தின் வழித்தோன்றலான ஆக்டினியம் 228 இனுடையது. 2,615 தாலியம் 208 இனுடையது. அந்த ஆக்டினியத்துக்கே 795 இலும் ஒரு கோடு உண்டு. தாலியத்துக்கு 583 இலும், யுரேனியத்தின் வழித்தோன்றலான பிஸ்மத் 214 இற்கு 609 இலும் கோடுகள் உண்டு. கூர்மை குறைந்த கருவியில் இவை ஒன்றோடொன்று ஒட்டி, சீசியம் 134 போல வேடமிடும். பிஸ்மத்தின் 665 கோடு 662 இற்கு மிக நெருக்கமாக நின்று 137 ஆகவும் வேடமிடும். ஜெர்மானியம் என்ற மூலகத்தின் பளிங்கு பொருத்திக் குளிரூட்டிய கருவி இவற்றைப் பிரித்துக் காட்டும். தங்கள் அறிக்கை எந்த வகைக் கருவியால் எடுக்கப்பட்டது என்பதை ஆய்வுகூடத்திடம் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

இனி அளவு. ஒருவர் தங்கள் சூரையை ஆண்டுக்கு 50 கிலோகிராம் உண்கின்றார் என்றும், ‘<’ குறிக்குப் பின்னால் உள்ள எண்கள் முழுவதும் உண்மையாகவே மீனில் உள்ளன என்றும் வைத்துக்கொள்வோம். 137 இல் 25 பெக்கரலும் 134 இல் 30 பெக்கரலும் அவர் உடலுக்குள் போகும். பெக்கரலுக்குப் பெக்கரல் 134 சற்றுக் கடுமையானது. அதையும் சேர்த்துக் கணக்கிட்டால், உடல் பெறும் கதிர்வீச்சு ஆண்டுக்கு 1 மைக்ரோசீவேட்டுக்கும் குறைவு. மண், வான், உணவு, மூச்சு ஆகிய எல்லாவற்றிலிருந்தும் மனிதர் ஒருவர் இயற்கையாகப் பெறுவது உலகச் சராசரியில் ஆண்டுக்கு 2,400 மைக்ரோசீவேட். வரம்புகளோடு ஒப்பிட்டாலும் நிலை அதுவே. ஜப்பான் 2012 ஏப்பிரலில் இருந்து பொது உணவுக்கு வைத்துள்ள வரம்பு, இரண்டு சீசியங்களும் சேர்ந்து கிலோகிராமுக்கு 100 பெக்கரல். பாலுக்கும் குழந்தை உணவுக்கும் 50. சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் வர்த்தகத்துக்கு வைத்துள்ள வழிகாட்டல் மட்டம் 1,000. இயற்கையான பொற்றாசியம் 40 இற்கு அந்த மட்டங்கள் பொருந்தா.

கொள்வனவாளருக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. அறிக்கையின் பிரதியோடு இவ்வாறு எழுதினால் போதும்: ‘இம்மாதிரியில் சீசியம் 134, சீசியம் 137 ஆகிய இரண்டும் கண்டறியும் எல்லைக்குக் கீழே உள்ளன, அவ்வெல்லைகள் பச்சை எடையில் கிலோகிராமுக்கு முறையே 0.6, 0.5 பெக்கரல். பொற்றாசியம் 40 மீனின் இயற்கையான பொற்றாசியத்துக்கு உரியது.’ மீன் பிடிபட்ட கடற்பகுதி, பிடித்த திகதி, மாதிரியின் எடை, எண்ணிய நேரம் ஆகிய நான்கையும் அறிக்கையில் சேர்த்துத் தருமாறு ஆய்வுகூடத்தைக் கேளுங்கள். பச்சை எடை என்பதும் அதில் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். கருவாட்டுக்கு வேறாக ஓர் அறிக்கை எடுங்கள். சூரையின் அறிக்கையைக் கருவாட்டுச் சரக்கோடு இணைத்து அனுப்ப வேண்டாம்.